வெள்ளைப் பஞ்சு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பேய் உண்டா இல்லையா என்ற உலகப் பெருங்கேள்விக்கு, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் பில் கவுண்டரிலிருந்து இன்று விடை வெளியாகிறது. கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். இது நடந்தது.

என் தம்பிக்குப் பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாது. குளியலறையில் வழுக்கி விழுந்து, மண்டைக்குள் கசிவு. மாடி வார்டில் கிடந்தான். உறைய வைக்கும் மருந்தை ஏற்ற ஏற்ற, அவன் உடம்பே அதைத் தின்று தீர்த்தது. மருந்துக்கு எதிராக உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகிவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். சோதனையில் அது உறுதியானால்தான் காப்பீட்டுக்காரர்கள் மாற்று மருந்துக்குத் தலையாட்டுவார்கள். அவன் பிளாஸ்மாவை நல்ல பிளாஸ்மாவோடு கலந்து, இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். டெக்னீஷியனிடம் கெஞ்சினேன். அந்த இரண்டு மணி நேரம் யாருக்காகவும் குறையாது என்றார்.

பன்னிரண்டே காலுக்கு வைத்தார்கள்.

1.40. டோக்கன் மணி அடித்தது. நிமிர்ந்தேன். எதிரே தம்பி.

"பில்லண்ணா," என்றான். எனக்கு அவன் வைத்த பட்டப்பெயர். "என் டெஸ்டுக்கு இப்பவே பில் போட்டுரு."

ரிசல்ட் வந்த பிறகே பில் என்று நானே எழுதி, நானே கண்ணாடியில் ஒட்டிய அறிவிப்பைக் காட்டினேன். வாய் பழக்கத்தில் பேசிவிட்டது. புத்தி பிறகுதான் வந்து சேர்ந்தது...

மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து பல வருடமாக மடங்காத அவன் வலது முழங்கால், மடங்கியிருந்தது.

கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

ஊசி குத்திய இடத்தில், எப்போதும் ரத்தத்தில் ஊறிப்போகும் பஞ்சு...

சுத்த வெள்ளை.

"அப்புறம் போட முடியாதுண்ணா. சொன்னாக் கேளு."

கண்ணை மூடித் திறந்தேன். ஆளில்லை. கவுண்டர் மேல் பஞ்சு மட்டும்.

வார்டுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கவுண்டரை விட்டுப் போக மாற்று ஆளும் இல்லை.

2.15. உள்ளே... பீப்.

எதிர்ப்பொருள் ரொம்ப அதிகம் என்றார் டெக்னீஷியன். பில் போடாமல் ரிசல்ட் வெளியே போகாது. போட்டேன். தாளோடு மாடிக்கு ஓடினேன்.

நர்ஸ் அதைக் கையில் வாங்கவில்லை.

"ஒன்னு நாப்பதுக்கே போயிட்டாருங்க. உங்களுக்கு மூணு தடவை அடிச்சோம்..."

என் போன் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை.

அவன் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஊசித் தடம் இருந்தது. பஞ்சைக் காணோம்.

அடுத்த மாதம் காப்பீட்டுக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. நோயாளி இறந்த பிறகு போட்ட பில்லுக்குப் பணம் கிடையாது.

ஆஸ்பத்திரியில் அதை என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.