வட்டிலிலிருந்து முதலில் எழுந்தவள்

கவோலாக் சந்தையில் பசேன் துணி விற்கும் அராமேக்கு அவள் உடம்புதான் கடையின் பெயர்ப்பலகை. கஞ்சி போட்டு அடித்த அந்தப் பளபளப்புத் துணியில் தைத்த அங்கியை உடுத்திக்கொண்டு அவள் நடந்தால், வாங்க நினைக்காதவளும் நின்று விலை கேட்பாள். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்து, தலைநகர் தாகாருக்கு வேலைக்கு அனுப்பி, வீட்டுக்கு ஒரு மருமகளையும் கொண்டுவந்தவள். நிமிர்ந்து நின்ற அவளுக்கு அந்தப் பருமன் ஒரு மரியாதை. மெலிந்தால் சந்தை சும்மா இருக்குமா? ஒன்று நோய் என்னும், இல்லை வீட்டில் பட்டினி என்னும்.

அதனால்தான் முழங்கால் வலிக்கு மருந்து கேட்கப் போன இடத்தில் நர்ஸ் சொன்னதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

"மாத்திரையெல்லாம் அப்புறம்மா. முதல்ல மத்தியானச் சோத்தப் பாதியாக்குங்க. எண்ணெயக் குறைங்க, காய நிறையப் போட்டுக்கங்க. படுக்கப் போற நேரத்துல சாப்பிடாதீங்க. பட்டினி கிடக்கச் சொல்லல. தினமும் இப்படியே சாப்பிட்டு வந்தா எடை தானா இறங்கும்."

கேட்கும்போதே அராமேக்குக் காது சுட்டது. ஊருக்கெல்லாம் துணி அளந்தவளை ஒரு சின்னப் பெண் அளந்துவிட்டாள்.

சொல்வது யாருக்கும் எளிது. தனித்தட்டு என்றால் பாதி போட்டுக்கொண்டு போய்விடலாம். இவர்கள் வீட்டில் எல்லாரும் பாயில் ஒரே வட்டிலைச் சுற்றி உட்கார வேண்டும். நடுவில் மீனும் மரவள்ளியும் முட்டைக்கோசும். அவரவர் முன்னால் இருக்கும் சோறு அவரவருக்கு. மருமகள் சோக்னா மீனைப் பிய்த்துப் பிய்த்து மாமியார் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பாள். தள்ளத் தள்ளத் தின்பதுதான் சமைத்தவளுக்குச் செய்யும் மரியாதை. பாதியில் கையை எடுத்தால் காரணம் கேட்பார்கள்.

முதல் நாளே நாத்தனார் ரொஹாயா கேட்டுவிட்டாள். "என்ன அண்ணி, அதுக்குள்ள எந்திரிச்சிட்டீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

உடம்பு என்ற சொல்லைக் கேட்டதும் அராமே பதறிப்போனாள். "உடம்புக்கு என்ன கேடு? இன்னிக்கு எண்ணெய் கொஞ்சம் தூக்கல். அதான்."

வாயில் வந்த பொய்தான். ஆனால் மறுநாளும் பாதியில் எழ வேண்டுமே. ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்றாள். ஒருநாள் மீனில் உப்புக் கரிக்கிறது என்றாள். வெறும் வாயை மெல்லுகிற ரொஹாயாவுக்கு அவல் கிடைத்தது. "எங்க அண்ணி பாவம், மருமக சமையல் வாயில வைக்க விளங்கல. அரை வயித்தோட எந்திரிக்குது" என்று சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அது அராமேயின் காதிலும் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. அங்கி தளர்ந்துபோனதற்கு ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அதுவும் தன்மேல் பழி இல்லாத காரணம்.

எண்ணெய் என்றதும் சோக்னா எண்ணெயைப் பாதியாக்கினாள். சோறு என்றதும் அரிசியைக் குறைத்து, பூசணியும் கத்தரிக்காயும் காரட்டும் கூடப் போட்டாள். நர்ஸ் சொன்னது அத்தனையும், ஒருவரும் சொல்லாமலே, பயத்தில் அவள் செய்து முடித்தாள். அராமேக்குப் படி ஏறும்போது முழங்கால் வலிக்கவில்லை. அடுப்படியில் மருமகள் கண் சிவந்து நிற்பதைப் பார்த்தாள். வெங்காயம் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, வட்டிலைச் சுற்றி எல்லாரும் உட்காரும் நேரத்தில், சோக்னாவின் தாய் தியார்ரா, தன் ஊரான ஃபாத்திக்கிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினாள். மன்னிப்புக் கேட்பவர்கள் கொண்டுவருகிற கோலாக்கொட்டைப் பொட்டலம் கையில் இருந்தது. அதை அராமேயின் முன் வைத்து முழங்காலை மடித்தாள்.

"சம்பந்தியம்மா, தப்பு எம்மேலதான். சமைக்கக் கத்துக்குடுக்காம பொண்ண அனுப்பிட்டேன்னு எங்க ஊரு வரைக்கும் பேசுறாங்க. அவளத் திருப்பி மட்டும் அனுப்பிராதீங்க. நானே கொஞ்ச நாள் தங்கிச் சொல்லிக்குடுத்துட்டுப் போறேன்."

"நல்லா சொல்லிக்குடுங்க. எங்க அண்ணி துரும்பாயிருச்சு" என்றாள் ரொஹாயா.

தரையில் பதிந்திருந்த தியார்ராவின் முழங்காலை அராமே பார்த்தாள். அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. இன்னொரு பொய் வாய்வரை வந்தது. விழுங்கினாள்.

"எந்திரிங்க சம்பந்தி. அவ சமையல்ல ஒரு குறையும் இல்ல. நர்ஸம்மா என்னைச் சோத்தக் குறைக்கச் சொன்னாங்க. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இவ தலையில போட்டேன்."

சோக்னா அழுவாள் என்று அராமே எதிர்பார்த்தாள். அவள் அழவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்படியே ஆக்கிப் போட்டிருப்பேனே அத்தை. எதுக்கு என் பேரக் கெடுத்தீங்க?"

மறுநாள் அராமே கடையில் அமர்ந்து, துணி எடுக்க வந்த ஒவ்வொருத்தியிடமும், கேட்காமலே நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தியும் நம்பவில்லை.

"மருமகள விட்டுக்குடுக்காம பழியத் தன்மேல போட்டுக்குது பாரு. இப்படி ஒரு மாமியார் யாருக்குக் கிடைக்கும்?" என்று அவள் முன்னாலேயே அவளைப் புகழ்ந்தார்கள்.