எண்பத்தொன்பது டிகிரி

கொரோனா ஊசி போட்டால் என்னென்ன வரும் என்று எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரு மாநாடு நடக்கும். கை தூக்க முடியவில்லை, குளிர் தூக்கிப் போட்டது, நாக்கில் இரும்பு ருசி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் வழுக்கையைத் தடவிக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்ச ஒர்த்தருக்கு முடியே மொளைச்சிருச்சாம்பா" என்பேன். பஸ் சிரிக்கும். முன் சீட்டில் இருக்கும் என் மனைவி மட்டும் சிரிக்கமாட்டாள்.

அவளுக்கு வீசிங் உண்டு. அதே கம்பெனியில் பேக்கிங் வேலை. நோய் வந்தால் அவள் நெஞ்சு தாங்காது, ஊசி கட்டாயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ, "மொதல்ல நீங்க போட்டுக்கங்க. ஒண்ணும் ஆவலன்னா நானு" என்றாள்.

கம்பெனி கேன்டீனில் ஊசி முகாம். முதல் நாள் நான் வேலை பார்க்கும் லைனுக்கு, மறுநாள் பேக்கிங்குக்கு.

போட்ட அன்று சாயங்காலமே எனக்குக் காய்ச்சல். நெஞ்சு படபடத்தது; ஊசியாலா, பயத்தாலா தெரியவில்லை. போர்வைக்குள் எனக்கு நானே இரங்கல் கூட்டம் நடத்திக்கொண்டேன். அவளிடம் மட்டும், "சும்மா அசதி" என்றேன்.

காலையிலும் உடம்பு கொதித்தது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி நெற்றியில் மெஷின் வைத்துப் பார்ப்பார். அவள் கண்முன்னே மாட்டினால் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். ஆகவே ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, மணிமங்கலம் தாண்டியதிலிருந்து கடைசி சீட்டில் அதை நெற்றியில் அழுத்திக்கொண்டே வந்தேன்.

செக்யூரிட்டி மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, எம்பத்தொம்பது காட்டுது? உசுரோடதான் கீறியா?"

வரிசை சிரித்தது. அவர் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார், சரியாகக் காட்டியது. "ஓரமா நில்லு. செத்த நேரம் கழிச்சுப் பாக்கலாம்."

நின்றேன். தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்றாறு. "ஏறிகினே போவுதேண்ணா!" நூறைத் தாண்டியபோது, பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

மனைவி வரிசையை விட்டு வந்து என் பிடரியில் கை வைத்தாள்.

"கொதிக்குது. எப்பலேர்ந்து?"

"நேத்து சாயங்காலம்."

"மூச்சு?"

"அது பாட்டுக்கு வருது."

"காய்ச்சல் மட்டுந்தானா?" அவள் குரல் உடைந்தது. "நேத்து ராத்திரி பூரா ஒரு நக்கலும் அடிக்காம கெடந்தீங்களே! இன்னாவோ பெருசா மறைக்கிறீங்கன்னு நெனச்சுகினு, ஊசியே வேணாம்னு முடிவு பண்ணிட்டுல்ல வந்தேன்?"

எனக்குக் காய்ச்சலைவிட அதுதான் சுட்டது.

முதலுதவி அறையில் நர்ஸ் எனக்கு மாத்திரை கொடுத்துவிட்டு அவளிடம் சொன்னார்: "காய்ச்சல், ஒடம்பு வலி நெறைய பேருக்கு வரும்மா, ரெண்டொரு நாள்ல போயிடும். மூச்சு முட்டினா, மூஞ்சி வீங்கினா ஒடனே சொல்லணும். ஒனக்கு வீசிங்னா, போட்டப்புறம் அரை மணி நேரம் எங்க கண்ணு முன்னாடியே ஒக்காரு."

அவள் யோசித்தாள். பிறகு கேன்டீனுக்குப் போய்க் கையை நீட்டினாள்.

அந்த அரை மணி நேரமும் அவளுடைய இன்ஹேலரைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, தொண்டைக்குழி ஏறி இறங்குவதையே பார்த்தேன். அவள் ஒருமுறை இருமினாள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"ஏங்க, தண்ணி பொரையேறிச்சு. ஒக்காருங்க. நீங்க மொறைக்கிறதுலதான் எனக்கு மூச்சு முட்டுது."

நேரம் முடிந்ததும் அவள் எழுந்து நேராகப் பேக்கிங்குக்கு நடந்தாள். என்னைத்தான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார்கள்.