ஒச்சம்மாக்கா கடித்துப் பார்த்து வாங்கியது

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒச்சம்மாக்கா எதையும் கடித்துப் பார்த்துத்தான் நம்புவார். வெள்ளரிக்காய் வாங்கினால் விற்பவர் கண்ணெதிரே முனையைக் கடித்துக் கசப்புப் பார்ப்பார். ஆட்டோவுக்கு ரப்பர் புஷ் வாங்கினால்கூட அதைக் கடைவாயில் வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டுத்தான் மெக்கானிக் கையில் கொடுப்பார். "கண்ணு ஏமாந்துரும் தமிழு, பல்லு ஏமாறாது" என்பார் என்னிடம்.

நான் தமிழ்வாணி. அவருக்குப் பக்கத்து போர்ஷனில் அம்மாவோடு இருக்கிறேன். விலங்கியலில் பட்டம் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், காய்ச்சல் மாத்திரையிலிருந்து கேஸ் புக்கிங் வரை தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வாசலுக்கு வந்துவிடுகிறது. வேலைக்கு மட்டும்தான் இன்னும் எங்கள் வீட்டு முகவரி தெரியவில்லை.

ஆவணி மாதம் ஒரு நாள், ஒச்சம்மாக்கா வண்டியில் ஒரு நாட்டு நாய்க்குட்டி வந்து இறங்கியது.

"வில்லாபுரத்துல ஏறியிருக்குடி. அம்புட்டு சனமும் இறங்கிருச்சு, இது மட்டும் இறங்கல. ஆரன் அடிச்சேன், பதிலுக்குக் குலைக்குது."

அதனால் அதற்கு ஆரன் என்றே பெயர் ஆனது. அதற்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற வயது. மிதியடி, துடைப்பம், ஆட்டோவின் சீட் நுனி என்று வாய்க்கு எட்டியதை எல்லாம் கடித்தது. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"நீ நாயி, பூனையெல்லாம் படிச்ச புள்ளதானே. இதுக்கு என்ன குடுக்கலாம்?"

நான் படித்தது தவளையையும் கரப்பான்பூச்சியையும்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அக்காவே ஒரு வழி சொன்னார்: "என் அறுந்த செருப்பு ஒண்ணு கிடக்கு. அதப் போடவா?" நான் தெரிந்தவள் மாதிரி தலையாட்டினேன்.

ஆரன் செருப்பை ரசித்துக் கடித்தது. மூன்றே நாளில் அதன் கணக்கில் செருப்பு என்றால் தின்பண்டம் என்று ஆகிவிட்டது. அறுந்த செருப்பு எது, அறுக்கக் கூடாத செருப்பு எது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. மாடியும் கீழ் போர்ஷன்களுமாக எங்கள் வீட்டில் இருக்கும் ஏழு பேரின் செருப்புகளும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கும். வரிசையில் முதலாவதாகக் கிடப்பது, மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கண்ணுச்சாமி மாமாவின் தோல் செருப்பு.

மாமா பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பது அவர் வழக்கம். கடிபட்ட செருப்பையும் அப்படித்தான் பார்த்தார்.

"ஒச்சம்மா, எம் பொண்ணு பவதாரிணிக்குக் கல்யாணம் முடிஞ்ச கையோட, வர்ற ஞாயித்துக்கெழம மறுவீட்டுக் கறி விருந்து வச்சிருக்கேன். சம்மந்தி வீட்டுல இருபது பேரு வாராக. அம்புட்டுப் பேரு செருப்பும் இங்கதான் கெடக்கும். ஒத்தச் செருப்புல ஒரு பல்லுத் தடம் இருந்தாலும் இந்த நாய் இங்க இருக்கக் கூடாது."

"கட்டிப் போட்டுர்றேண்ணே."

"கட்டிப் போட்டா ஊளையிடுது. விருந்து வீட்டுல ஊளைச் சத்தமா கேக்கணும்?"

அன்று அக்கா சாப்பிடவில்லை. ஆரனை மடியில் வைத்துக்கொண்டு, "ஒனக்கு வாயிருக்கிற அளவுக்கு மூளையில்லயேடா" என்று திட்டியபடியே அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். தப்பு குட்டியுடையது அல்ல என்பது எனக்குத் தெரியும். செருப்புக்குத் தலையாட்டியவள் நான்.

மறுநாள் இருவரும் திருநகரில் ஜுல்பிகரின் செல்லப்பிராணிக் கடைக்குப் போனோம். அக்கா அலமாரியிலிருந்து வெள்ளையாக ஓர் எலும்பை எடுத்தார். நான் தடுப்பதற்குள் கடைவாயில் வைத்துவிட்டார்.

ஜுல்பிகர் பதறினார். "அக்கா, அது நாய்க்கு!"

"தெரியும் தம்பி. நாய்க்குக் கடிக்கத் தெரியும், வலிக்குதுன்னு சொல்லத் தெரியாதுல்ல? இது கல்லா இருக்கு. இதக் கடிச்சா எம் பல்லே பேந்துரும்."

ஜுல்பிகர் சிரித்துவிட்டார். "நீங்க சொல்றது சரிதான். ஆனா பல்லு வேணாம், கட்டைவிரல் நகம் போதும். நகத்தால அழுத்துங்க. லேசாப் பதிஞ்சா குட்டிக்குக் குடுக்கலாம். பதியலன்னா பல்லு உடையும்."

"அந்த முடிச்சுப் போட்ட தோலு?"

"அது ஊறினதும் துண்டாப் பிச்சு முழுங்கும். தொண்டையில அடைக்கும்."

"அப்புறம் எதுக்கு விக்கிற?"

"பேரச் சொல்லிக் கேட்டு வர்றவங்களுக்குக்கா. உங்களை மாதிரி கடிச்சுப் பாக்குறவங்களுக்கு விக்கிறதில்ல."

கடைசியில், நடுவில் குழிவான ஒரு ரப்பர் பொம்மையை எடுத்துக் கொடுத்தார். குட்டியின் வாய்க்குள் முழுசாகப் போகாத அளவு. குழிக்குள் உப்பில்லாத, தாளிக்காத தயிர்சோற்றை அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கச் சொன்னார். முளைக்கிற பல்லுக்குக் குளிர்ச்சி இதமாக இருக்குமாம், உள்ளே இருப்பதை நக்கி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகுமாம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "வேக வச்ச எலும்பு மட்டும் வேணவே வேணாம். ஊசி ஊசியா உடைஞ்சு குடலைக் கிழிச்சிரும். பச்சைப் பிள்ளை மாதிரி, கடிக்கும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்."

அந்த வாரம் முழுக்க அக்கா இதையே பாடமாக ஒப்பித்தார். படியடியில் நின்றுகொண்டு எனக்கு, என் அம்மாவுக்கு, தண்ணீர் கேன் போட வந்தவருக்கு. நகம் பதியணும், முழுங்க முடியக் கூடாது, வெந்த எலும்பு ஆகாது. மேலே மாமா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஒரு பக்கத்தை அவர் அவ்வளவு நேரம் படித்து நான் பார்த்ததில்லை.

ஞாயிறு வந்தது. படிக்குக் கீழே இருபத்தேழு ஜோடிச் செருப்புகள். அவற்றுக்கு ஐந்தடி தள்ளி ஆட்டோ நிழலில், முன்னங்கால்களால் ரப்பர் பொம்மையைப் பிடித்துக்கொண்டு, ஆரன் தயிர்சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. செருப்புப் பக்கம் ஒருமுறை மூக்கைத் திருப்பியது. நான் ஓர் அடி முன்னே வைத்தேன். பிறகு பொம்மைக்கே திரும்பிவிட்டது.

அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். "நான் வார வரைக்கும் கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்த நேரம் பார்த்து, கை கழுவக் கீழே வந்தார் மாப்பிள்ளையின் அப்பா சின்னக்கருப்பன். இலையில் மிச்சமிருந்த ஒரு நல்லி எலும்பை அன்போடு எடுத்து வந்திருந்தார். "பாவம், பொம்மையக் கடிச்சிக்கிட்டு இருக்கு. இந்தாடா" என்று போட்டார். ஆரன் கவ்வியது.

எனக்குக் காரணம் தெரியும். குடல் எப்படிக் கிழியும் என்று படம் வரைந்து பாகம் குறிக்கக்கூட முடியும். ஆனால் சம்பந்தியைப் பார்த்து 'போடாதீங்க' என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"சம்மந்தி, நிப்பாட்டுங்க!"

ஓடும் பஸ்ஸை நிறுத்துகிற குரல். மாமா இரண்டிரண்டு படியாக இறங்கி வந்து, பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, ஆரனின் வாயைப் பிளந்து எலும்பைப் பிடுங்கினார்.

"நாய்க்கு எலும்பு ஆகாதா?" என்றார் சின்னக்கருப்பன் திகைத்து.

"வெந்த எலும்பு ஊசி ஊசியா உடையும் சம்மந்தி, குடலக் கிழிச்சிரும். எதக் குடுத்தாலும் நகத்தால அழுத்திப் பாக்கணும், பதியணும். நம்ம நாய்க்கு நாங்க அப்படித்தான் பழக்கியிருக்கோம்."

படியில் பாதி இறங்கியிருந்த ஒச்சம்மாக்கா, சோற்றுக் கையோடு அப்படியே நின்றார். "தமிழு, 'நம்ம நாய்'னாரு, கேட்டுக்கிட்டியா?" என்றார். மெல்லச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

மாமாவின் காது சிவந்தது. தன் தோல் செருப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதுத் தடம் ஒன்றும் இல்லை. கீழே வைத்துவிட்டு மேலே போய்விட்டார். நாய் இருக்கலாம் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் திருநகர் பக்கம் போய்விட்டு வந்தவர் கையில் ஒரு பை. அதிலிருந்து இன்னொரு ரப்பர் பொம்மையை எடுத்து, யாரும் பார்க்கிறார்களா என்று தெருவை ஒருமுறை பார்த்துவிட்டு, அக்காவிடம் நீட்டினார்.

"நகத்துல பாத்துட்டேன், பதியுது. எதுக்கும் நீ ஒரு கடி கடிச்சுப் பாத்துச் சொல்லும்மா."