என் மருமகள், திமிங்கில டாக்டர்

பின்கதவைத் தட்டினால் அது என் மருமகள். வேலை முடிந்து வருகிறவளை முன்கதவு வழியாக நான் விடுவதில்லை, அவளும் வருவதில்லை. குளியலறைக்குப் போகிற வழியில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர் வைத்திருப்பேன். போட்டிருக்கிற துணியெல்லாம் அதற்குள் போன பிறகுதான் பேச்சு.

"அத்தை, இன்னிக்கு அவ்வளவு ஒண்ணும் நாத்தம் இல்ல."

"உன் மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. போய்க் குளி."

செத்துக் கரை ஒதுங்குகிற திமிங்கிலத்தை அறுத்துப் பார்த்து, அது ஏன் செத்தது என்று சொல்வது அவள் உத்தியோகம். மாட்டு டாக்டருக்குப் படித்தவள், மாட்டை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டாள். கப்பல் இடித்ததா, வலை இறுக்கியதா, வயிற்றில் பிளாஸ்டிக் அடைத்ததா, வயதாகித்தான் போனதா என்று உள்ளே பார்த்துச் சொல்வாள். உயிரோடு ஒதுங்கினாலும் அவளுக்குத்தான் போன் வரும். அழுகின திமிங்கிலம் எப்படி நாறும் என்று என்னிடம் கேட்காதீர்கள். பஸ்ஸில் அவளுக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பக்கத்து இடமும் காலியாகிவிடும், முன்னால் உள்ளதும் காலியாகிவிடும். அவ்வளவுதான் சொல்வேன்.

ஆள் ஊதினால் பறந்துவிடுவாள். காய் நறுக்கச் சொன்னால் விரலை நறுக்கிக்கொள்வாள். ஆனால் திமிங்கிலம் அறுக்கிற, கை நீளக் கத்தியைப் பின்பக்கம் உட்கார்ந்து தீட்டும்போது பார்க்க வேண்டும். வாயில் ஒரு பாட்டு ஓடும், சுருதியே சேராது. ஒருநாள் மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, உங்க மருமக கறிக்கடை வெக்கப் போறாளா?" என்றாள். "ஆமா, உன் வாய் நீளத்துக்கு ஒரு நாக்கு வந்தா எடுத்து வெக்கச் சொல்றேன்" என்றேன். அதற்கப்புறம் எட்டிப் பார்ப்பதில்லை.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த கதையும் நாற்றத்தில் ஆரம்பித்ததுதான். என் மகன் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவன். அவள் ஆபீசில் பெரிய ஃப்ரீசர் நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் திறந்தான். ஒரு டால்ஃபின் பல்லைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தது. இவன் தரையில் விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தவள்தான் இவள். இதை நான் சொல்லச் சொல்ல எழுதுகிற என் மகன் இந்த இடத்தில் பேனாவை நிறுத்துகிறான். எழுதுடா.

எங்கள் வீட்டு பிரிட்ஜிலும் மேல் தட்டு அவளுடையது. ஒரு டப்பாவில் மெழுகு மாதிரி ஒன்று இருந்தது. திமிங்கிலத்தின் காதழுக்காம். வெட்டு மரத்தில் வளையம் தெரிகிற மாதிரி அதில் வரி வரியாகத் தெரியுமாம். எண்ணினால் வயது வந்துவிடுமாம். "அப்படியே என் காதையும் கொஞ்சம் பாரு. நான் பொறந்த வருஷம் எவனுக்கும் தெரியல" என்றேன். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், பாவி.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அறுக்கப் போகிறதை 'அது' என்று சொல்ல மாட்டாள். "இந்தப் பெரியவருக்கு முதுகெலும்பு ஒடஞ்சிருக்கு அத்தை, கப்பல்தான்" என்பாள். "இந்தம்மா வயித்துல குட்டி இருந்துச்சு" என்பாள்.

"மீனுக்கு என்னடி அவ்வளவு மரியாதை?"

"மீன் இல்ல அத்தை. பால் குடுத்து வளக்கறவங்க."

நானும் ஆயிரம் தடவை மீன் என்றுதான் சொல்லியிருப்பேன். அவளும் சளைக்காமல் ஆயிரம் தடவை திருத்தியிருப்பாள்.

போன மாதம் ஒரு காலையில் போன் வந்தது. கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

"அத்தை, வீட்ல இருக்கற போர்வை, பெட்ஷீட்டு எல்லாத்தையும் குடுங்க. உயிரோட ஒதுங்கியிருக்காங்க. ஒரு குடும்பமே."

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வாங்கிய கெட்டிப் போர்வைகள் இரண்டு என்னிடம் இருந்தன. அவற்றைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நானும் வண்டியில் ஏறிவிட்டேன்.

மணல் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு வேன் நீளம், மொட்டைத் தலை. ஊரே கூடியிருந்தது. ஐஸ் பாக்டரி முதலாளி ஒருவர் தலைமையில் நாலு பேர் ஒன்றின் வாலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கயித்த விடுங்கண்ணே. வாலு பிசகிடும்."

"ஏம்மா, இத ரெண்டு தடவ கடல்ல தள்ளிவிட்டாச்சு. திரும்பத் திரும்ப வந்து படுக்குது. பைத்தியம் பிடிச்ச மீனு."

"பைத்தியம் இல்லண்ணே. வீட்டாளுங்க எல்லாம் இங்க கெடக்கறப்ப அவங்க மட்டும் எங்க போவாங்க? நீங்களா இருந்தா போயிருவீங்களா?"

"அவரு போயிருவாரு" என்றாள் முதலாளியின் மனைவி.

சிரிப்பு அடங்குவதற்குள் இவள் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். ஒன்றுக்கு ஐந்தாறு பேர். நனைத்த போர்வையை முதுகில் போட வேண்டும். உச்சந்தலையில் மூச்சு விடுகிற துளை மட்டும் திறந்திருக்க வேண்டும். பக்கத் துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிவிட வேண்டும். தண்ணீர் ஏறி எல்லாம் மிதக்கிற வரைக்கும் ஒன்றைக்கூட அனுப்பக் கூடாது. போனால் மொத்தக் குடும்பமும் ஒன்றாகப் போக வேண்டும். என் போர்வைகள் இரண்டும் ஒரு குட்டியின் முதுகுக்குப் போயின. நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினேன். போர்வையைப் பற்றி அப்புறம் நினைக்கவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் கடல் ஏறியது. இடுப்பளவு தண்ணீரில் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று மட்டும் மணலிலேயே கிடந்தது. இருந்ததிலேயே பெரியது, கிழவி. வயிறு பாறையில் கிழிந்து, வாயில் ரத்தம். அது விசில் மாதிரி மெல்லிசாகக் கூப்பிட்டது. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் இருந்ததெல்லாம், பிடித்திருந்த ஆட்களையும் இழுத்துக்கொண்டு, கரைப் பக்கம் திரும்பின.

மருமகள் அதன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து தண்ணீரில் இருந்தவற்றைப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து முழ நீளத்துக்கு ஒரு ஊசியை எடுத்தாள்.

"அம்மாடி, வேற வழியே இல்லையா?" என்றேன்.

"இருந்தா விட்டுருவேனா அத்தை? சொந்த பாரமே நெஞ்ச நசுக்கிடுச்சு. இனிமே பொழைக்க மாட்டாங்க. இந்தம்மா கூப்பிடற வரைக்கும் அவங்க யாரும் போகவும் மாட்டாங்க. தண்ணி எறங்கிட்டா எல்லாரும் மறுபடி மணல்லதான்."

ஐஸ்காரர் தண்ணீரிலிருந்து ஊசியைப் பார்த்துவிட்டார்.

"காப்பாத்த வந்தியா, கொல்ல வந்தியா? கெழடுன்னா ஊசி போட்டு முடிச்சிருவியா? அதோ நிக்கறாங்களே உன் மாமியாரு, அவங்களுக்கும் இப்படித்தான் செய்வியா?"

கூட்டத்தில் சிலபேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். இவள் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் இருக்கிறதே.

"நான் அந்த நெலமையில கெடந்தா, இவ கையாலதான் போகணும்னு சொல்லுவேன். உனக்கு அப்படி நம்பிச் சொல்ல வீட்ல யாரு இருக்கா? பேசாம அந்தக் குட்டியப் பிடி."

அவர் பிடித்துக்கொண்டார்.

"நான் கையத் தூக்கி வெச்சிருப்பேன்" என்று மருமகள் கடலைப் பார்த்துச் சொன்னாள். "எறக்கினதும் எல்லாரும் ஒண்ணா விடணும். ஒருத்தர் முந்தினாலும் கெட்டுது."

ஊசி போட்டாள். போட்டுவிட்டு அந்தத் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். மூச்சு வருகிறதா என்று பார்க்க ஒரு கை துளையின் மேல். இன்னொரு கை ஆகாயத்தில். குச்சி மாதிரிக் கை அது. அத்தனை சனமும் அந்தக் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. விசில் வந்தது. பிறகு அதைவிடச் சின்னதாக ஒன்று. பிறகு அலைச் சத்தம் மட்டும். அப்போதும் அவள் கையை இறக்கவில்லை. ஐஸ்காரர் இவளையே பார்த்துக்கொண்டு குட்டியைக் கட்டிப் பிடித்திருந்தார். தண்ணீரில் முன்னால் இருந்த ஒன்று மெதுவாகத் தலையைக் கடல் பக்கம் திருப்பியது. அடுத்ததும் திருப்பியது.

கை இறங்கியது. எல்லாரும் விட்டார்கள்.

கறுப்பு முதுகுகள் ஒட்டிக்கொண்டு போயின, குட்டி நடுவில். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் கைதட்டலும் விசிலும் காதைப் பிளந்தன. ஐஸ்காரர் மார்பளவு தண்ணீரில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "யாரு அந்தம்மா?" என்று கேட்டாள். "என் மருமக" என்றேன். கேட்காத இன்னொருத்தியிடமும் சொன்னேன்.

அவள் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தாள். ஆகாயத்திலிருந்து இறங்கிய கை மடியில் கிடந்தது. மூச்சுத்துளையின் மேல் வைத்த கையை மட்டும் அவள் எடுக்கவில்லை.