நாங்கள் பிடுங்கிய கல்

“பழய கல்லே இல்லாத நெலத்த நீ எத வச்சும்மா அளப்ப?” என்று அப்பா கேட்டார்.

நில அளவைப் பயிற்சியில் சேர்வதற்காக நான் தஞ்சாவூருக்குப் பை கட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். அன்று மட்டும் பதில் வரவில்லை. அவர் கேட்டது எங்கள் நிலத்தைப் பற்றி.

வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கும் அந்த நிலம் முன்பு பண்ணைக்குச் சொந்தம். நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசாங்கம் அதை எடுத்து, அதில் உழைத்த குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது அப்பாவுக்கு மீசை அரும்பும் வயது. கட்சிக்கொடி கட்டிய மேடையில் தாத்தாவின் பெயரைக் கூப்பிட்டுப் பட்டாவைக் கையில் கொடுத்தார்களாம். அன்று சாயங்காலமே எங்கள் தெரு முழுவதும் கடப்பாரையோடு வயலுக்குப் போனது. மூலைக்கு மூலை நின்ற கருங்கற்களைப் பிடுங்குவதற்குத்தான் போனார்கள்.

அந்தக் கல்லைத் தாண்டி ஆடு மேய்ந்ததற்காகத் தாத்தா கட்டிவைத்து அடிக்கப்பட்டவர். பண்ணையின் நிலம் எங்கே தொடங்குகிறது என்று தெருவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கற்களால்தான். பண்ணை போனபிறகு அதன் கல் மட்டும் எதற்கு நிற்க வேண்டும்? கற்கள் லேசில் வரவில்லையாம். வெளியே தெரிந்ததைவிட மண்ணுக்குள் இருந்தது அதிகம். ஆள் மாற்றி ஆள் நெம்பி, கயிறு கட்டி இழுத்துச் சாய்த்தார்களாம். இதைச் சொல்லும்போது அப்பா உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்வார், அன்றைய கொப்புளம் இன்னும் அங்கே இருப்பதுபோல.

ஒரு கல் மாட்டுக் கொட்டகைக்குப் போனது, ஒன்று யாரோ வீட்டு வாசற்படியானது. எங்கள் மூலைக்கல் வாய்க்கால் துறையில் துணி துவைக்கிற கல்லாயிற்று. அதன் தலையில் அம்புபோல ஒரு குறி வெட்டியிருக்கும். அம்மா துவைக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழிவில் சோப்புத் தண்ணீரை விரலால் ஓட்டி விளையாடுவேன்.

நான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வரப்பு தேய ஆரம்பித்தது. பண்ணையிடம் மிச்சமிருந்த நிலத்தை அந்த வீட்டுச் சின்னவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்கு அடுத்த வயல். ஒவ்வோர் உழவுக்கும் அவருடைய டிராக்டர் வரப்பைக் கொஞ்சம் சீவிக்கொண்டு போகும். அப்பா திரும்பவும் மண் அணைப்பார். அந்த வருடம் டிராக்டர் எங்கள் மடைக்கே வந்துவிட்டது. வாய்க்காலிலிருந்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் வர அந்த ஒரு திறப்புதான் உண்டு. அது போனால் நிலம் இருந்தும் இல்லாததுதான்.

“அவரு வெட்டட்டும். நம்மகிட்ட பட்டா இருக்கு. கவுருமெண்டே வந்து அளந்து குடுக்கட்டும்” என்று அப்பா மனுப் போட்டார்.

பட்டா எவ்வளவு நிலம் என்று சொல்லும், யார் பெயரில் என்று சொல்லும். அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் புல வரைபடமும் கல்லும்தான் சொல்லும். இது அப்பாவுக்குத் தெரியாது. தெருவில் யாருக்குமே தெரியாது.

சர்வேயர் வருகிற நாளில் நான் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டேன். அதிகாரி வரும்போது வீட்டில் படிக்கிற பிள்ளை இருப்பது தெரிய வேண்டாமா? வைகாசி வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தலையாரி சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். பின்னால் சர்வேயர். அவருக்குப் பின்னால், கூப்பிடாமலே, குடையோடு சின்னவர்.

சர்வேயர் வரைபடத்தை விரித்தார். “மூலைக்கல்லு எங்கய்யா?”

“இங்கதான் சார் இருந்துச்சு” என்றார் அப்பா.

“இருந்துச்சு சரி. இப்ப எங்க?”

அப்பா தரையைப் பார்த்தார். சின்னவர் சிரித்தார். “காக்கா தூக்கிட்டுப் போயிருக்கும் சார். எங்க ஊருக் காக்காவுக்கு ரொம்ப பலம்.”

தலையாரியும் சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை. “வெளையாட்டு இல்லய்யா இது. சர்வே கல்ல எடுத்தா கேஸு. யாரு எடுத்ததுன்னு தெரியுமா, தெரியாதா?”

எனக்குத் தெரியும். கூப்பிடு தூரத்தில் வாய்க்கால் துறையில் அந்தக் கல் கிடந்தது. அதன்மேல் எங்கள் வீட்டு ஈரச்சேலைகூட ஒன்று இருந்தது. வகுப்பில் விடை தெரிந்தால் எழுந்து நிற்பதுபோல ஓர் அடி முன்னால் வைத்து வாயைத் திறந்தேன். அம்மாவின் கை வந்து என் வாயை மூடியது. அந்தக் கையில் சோப்பு வாசனை. ஆபீசர் முன்னால் துவைக்கிற கல்லைக் காட்ட அம்மா வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“தெரியாது சார்” என்றார் அப்பா. அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அவங்க கல்லு போனா என்ன சார், என் பக்கத்துக் கல்லு பத்திரமா நிக்குது. வாங்க, அதுலேந்து அளங்க” என்றார் சின்னவர்.

சர்வேயரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இருக்கிற கல்லிலிருந்துதான் யாரும் அளக்க முடியும். பக்கத்து வயல்களிலும் ஒரு கல் மிச்சமில்லை. அவற்றையும் எங்கள் தெருதான் பிடுங்கியிருந்தது. தென்னந்தோப்பு ஓரத்தில் சின்னவர் காட்டிய கல்லிலிருந்து சங்கிலியை நீட்டினார்கள். ஒரு முனையைத் தலையாரி பிடித்தார், மறுமுனையைச் சின்னவரின் ஆள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார்.

சங்கிலி தூரப் போனபிறகு, தென்னை நிழல் விழுந்த அந்தக் கல்லின்மேல் நான் ஏறி உட்கார்ந்தேன். கல் ஆடியது. முன்னும் பின்னுமாக நான் சாய்ந்தால் அதுவும் கூடவே சாய்ந்தது. ஊஞ்சல் மாதிரி இருந்தது. நன்றாகவே ஆடினேன். அடியில் மண் புதிதாக, பொலபொலவென்று இருந்தது.

“ஏ பாப்பா, எறங்கு! அது என்ன ஒங்க ஊட்டுத் தொட்டிலா?” என்று தலையாரி அங்கிருந்தே கத்தினார்.

சின்னவர் வேகமாக வந்தார். திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை. “வெயில்ல எதுக்குக் கண்ணு நிக்கிற?” என்று தன் குடையையே என் கையில் கொடுத்தார். ஆளைக் கூப்பிட்டு எனக்கென்று ஓர் இளநீர் வெட்டச் சொன்னார். இவ்வளவு நல்லவரோடு அப்பாவுக்கு என்ன சண்டை என்று யோசித்தபடியே குடித்தேன்.

கோடு எங்கள் மடைக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தது. மடை சின்னவருக்கு. புதுக்கல் நடுவதற்குக் குழி வேண்டும் என்றார் சர்வேயர். மண்வெட்டி வைத்திருந்தவர் அப்பாதான். அவரே வெட்டினார். பிறகு, அளந்ததை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அந்த வருடம்தான் நான் பெயர் எழுதப் பழக்கியிருந்தேன். முதன்முதலாக வெளியாள் முன்னால், ஒவ்வோர் எழுத்தாக, பிழையில்லாமல் எழுதினார். நான் நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தேன். அம்மா அழுதாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

அந்தச் சம்பாவுக்குத் தண்ணீர் சின்னவர் வயலைத் தாண்டித்தான் எங்களுக்கு வரவேண்டியிருந்தது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா அவர் வாசலில் நிற்பார். “நாளைக்குப் பாக்கலாம்” என்பார் சின்னவர். பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் வரவில்லை. கதிரெல்லாம் மணி பிடிக்காமல் சாவியாகிப் போயிற்று. அடுத்த வருடம் எங்கள் நிலம் தரிசாகக் கிடக்க, அப்பாவும் அம்மாவும் சின்னவர் வயலில் களை எடுக்கப் போனார்கள். தாத்தா கூலிக்கு நின்ற அதே வரப்பு. அம்மா மட்டும் அந்தக் கல்லில் துவைப்பதை நிறுத்தவில்லை. முன்பைவிட ஓங்கி அடித்தாள்.

பயிற்சியில் முதல் வாரமே, கல்லை நட்டது யார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். விடுமுறையில் வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி இருந்தார்.

“அது பண்ணையோட கல்லு இல்லியா?”

“இல்லப்பா. கவர்மெண்டு கல்லு. நெலம் யாருக்குப் போனாலும் அது அங்கயேதான் இருக்கணும். நம்ம பேருக்கு வந்த அன்னிக்கு அது நம்ம கல்லு.”

அப்பா சாப்பிடாமல் கை கழுவினார்.

அம்மா என் வாயைப் பொத்தியதற்குக் காரணம் வெட்கம் அல்ல, ஜெயில் பயம் என்பதும் அப்போதுதான் புரிந்தது. நான் அன்று துறையைக் காட்டியிருந்தாலும் மடை தப்பியிருக்காது. நின்ற இடத்தை விட்டு வந்த கல் எதற்கும் சாட்சி இல்லை. ஆனால் இன்னொன்று இருந்தது. ஒரு தெருவே கடப்பாரை போட்டும் வர மறுத்தவை எங்கள் கற்கள். அதே காலத்தில் நட்ட கல் ஒன்று, நான்காம் வகுப்புப் பிள்ளையின் எடைக்கு எப்படி ஆடும்? அன்று எங்கள் பக்கத்தில் அதைத் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். எனக்கு அது ஊஞ்சலாக இருந்தது.

அப்பா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மூன்று ஊர் எல்லை சேருமிடத்தில், சுடுகாட்டுக்குப் பின்னால், முச்சந்திக் கல் ஒன்று உண்டு. அதிலிருந்தும் எங்கள் புலத்துக்கு அளவு பிடித்து வரலாம். அது எந்தப் பண்ணையின் ஓரத்திலும் இல்லை. அதனால் யாரும் அதை வெறுக்கவில்லை, யாரும் அதைப் பிடுங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு போய், அதை மூடியிருந்த கருவை முள்ளை வெட்டித் தள்ளினேன். இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து, என் பாரம் முழுவதையும் கொடுத்து ஆட்டிப் பார்த்தேன்.

அசையவில்லை.

திங்கட்கிழமை காலை தாலுகா ஆபீஸில் மறு அளவைக்கு மனுக் கொடுத்துவிட்டேன்.