பவானேஸ்வரியின் மறு சோதனை

"நிறுத்துங்க சிஸ்டர்," என்றார் சோதனையாளர் புவனேந்திரன்.

பவானேஸ்வரி ஊசியின் மூடியை அப்போதுதான் கழற்றியிருந்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்த நோயாளி கையை நீட்டியபடி, ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஊசிய கீழ வைங்க. துடைச்ச இடத்த மறுபடியும் தொட்டுட்டீங்க."

"இல்ல சார். நான் தொடல."

"தொட்டீங்க சிஸ்டர்."

அவள் உதவிக்கு இன்னொரு சோதனையாளரைப் பார்த்தாள். அவர் ஒரு மூத்த மலாய்க்காரத் தாதி. ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். புவனேந்திரன் புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, அந்த இடத்தை முதலிலிருந்து துடைத்து, தானே ஊசியைப் போட்டார். டயாலிசிஸ் இயந்திரத்தின் குழாயில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. பவானேஸ்வரி சுவரோரமாக நின்றாள். கையுறைக்குள் விரல்கள் ஈரமாகிவிட்டன.

அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ரெம்பியாவுக்கு அருகே எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்து, அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் படித்து, தாதியர் கல்லூரிக்குப் போனவள். பாச்சாங்கில் கடைவரிசை ஒன்றின் கீழ்த்தளத்தில் இயங்கும் டயாலிசிஸ் மையத்தில் நெடுநாளாக வேலை. சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வாரத்தில் மூன்று தடவை அங்கே வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போவார்கள். ஒவ்வொருவருக்கும் கையில் ரத்தநாளங்களை இணைத்துத் தடிக்கச் செய்த ஓர் இடம் இருக்கும். அதை ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் இரண்டு ஊசி போட வேண்டும். பவானேஸ்வரி போட்டால் வலிக்காது என்று அவளுடைய நாற்காலிக்காகக் காத்திருந்து உட்காருகிறவர்கள் உண்டு.

மையத்தின் பொறுப்புத் தாதி வேலையை விட்டுப் போவதாகச் சொன்னபோதுதான் இந்தப் பேச்சே வந்தது. அடுத்துப் பொறுப்புக்கு வருகிறவர் சிறுநீரகத் தாதிமையில் மேற்பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. எல்லாரும் அதை 'போஸ்ட் பேசிக்' என்பார்கள். பாதி வகுப்பு, பாதி ஆஸ்பத்திரி வார்டு. மையம் அந்த முறை ஒருவரைத்தான் அனுப்ப முடியும். தகுதியில் சமமாக இருந்தவர்கள் இருவர்: பவானேஸ்வரியும் சாந்தியும். இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே ஆளிடம் ஊசி போடக் கற்றவர்கள். மேனேஜர் பவானேஸ்வரியின் பெயரைச் சொன்னார். சாந்தி வாழ்த்துச் சொல்லிவிட்டு அன்று மதியம் தனியாகப் போய்ச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் இடையில் வேலைப் பேச்சு தவிர வேறு பேச்சில்லை.

வகுப்பில் மற்றவர்களெல்லாம் பவானேஸ்வரியைவிட ரொம்ப இளையவர்கள். ஆங்கிலத்தில் எழுதும் பாடங்களுக்கு அவள்தான் அதிகம் திணறினாள். அவற்றில் எப்படியோ தேறிவிட்டாள். செய்முறையைப் பற்றி மட்டும் அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. ஊசி போடுவதில் என்னை யார் குறை சொல்ல முடியும் என்று இருந்தாள். அதிலேதான் விழுந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கணவன் வசந்தன் காரோடு காத்திருந்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன். அன்றைக்கென்று லீவு போட்டிருந்தான்.

"லுலுஸ்தானே? பாஸாயிட்டதானே?" என்று கேட்டான்.

"ரிப்பீட்."

அவன் காரைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்தான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அந்த இன்ஸ்ட்ரக்டருக்கு என்னா வயசு இருக்கும்? முப்பது இருக்குமா? உன் சர்வீஸ் அவன் வயசுல பாதி. கம்ப்ளெயின் பண்ணு லா."

"பண்ணத்தான் போறேன்."

கோபம் வீடு வரைக்கும் வந்தது. ஆனால் சமையல் செய்யும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த மலாய்க்காரத் தாதியின் தலையசைப்புதான் திரும்பத் திரும்ப வந்தது. அவருக்கு என்மேல் என்ன விரோதம் இருக்க முடியும்? அன்றுவரை அவரை அவள் பார்த்ததுகூட இல்லை. தொட்டிருந்தால் தெரிந்திருக்குமே. தன் விரல் செய்ததைத் தானே அறியாமல் இருக்க முடியுமா? இந்தக் கேள்வி வந்த பிறகு கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. துடைத்த தோலில் கையுறை பட்டால், அதில் ஒட்டிய கிருமி ஊசியோடு சேர்ந்து நேரே ரத்தத்துக்குள் போகும். இதை எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

புகார் கொடுக்கவில்லை. மறு சோதனைக்குச் சில வாரங்கள் இருந்தன. அதுவரை சொந்த மையத்திலேயே வேலை பார்த்துப் பழகலாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. மறுபடியும் தோற்றால் பயிற்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும்; மையம் இன்னொரு தடவை அனுப்பாது.

பாச்சாங்கில் அவள் கதவைத் திறந்து உள்ளே போனபோதே எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

முதல் நாற்காலி தம்புசாமியுடையது. முன்பு தோட்டத்தில் லாரி ஓட்டியவர். அவள் ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்தாள். ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து அதிர்வு பார்த்தாள். ஊசி போடும் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். கை கழுவி, கையுறை மாட்டி, மருந்துப் பஞ்சால் துடைத்துக் காயவிட்டாள். ஊசி நன்றாக இறங்கியது. தொடவில்லை என்று நிச்சயமாகத் தோன்றியது.

"ஐயா, ஊசி போடறதுக்கு முன்னாடி நான் தொட்டேனா?"

"எப்ப?"

"துடைச்சதுக்கப்பறம்."

"தொட்டியே. எப்பவும் லேசா ஒரு தட்டு தட்டிட்டுத்தானே குத்துவ. அதுக்கப்பறம்தான் நான் மூச்ச புடிச்சிக்குவேன்." அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பினார்.

பவானேஸ்வரி ஊசிகளுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். எத்தனை வருஷம், எத்தனை பேருடைய கை. போன வருஷம் இரண்டு மூன்று பேருக்கு ஊசி போட்ட இடம் சிவந்து சீழ் வைத்தது. வீட்டில் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அவர்களைத்தான் கண்டித்தார்கள். அதற்குக் காரணம் தன் விரலா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

அடுத்த நாள் மருந்து அறையில் சாந்தி தனியாக இருந்தபோது உள்ளே போனாள்.

"சாந்தி, நான் ஊசி போடறப்ப பக்கத்துல நின்னு பாக்கிறியா? துடைச்ச இடத்த தொட்டா உடனே சொல்லு."

சாந்தி குப்பிகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "எனக்கு என் பேஷண்ட் இருக்காங்க."

"எல்லாருக்கும் வேணாம். ரெண்டு பேருக்குப் பாத்தா போதும்."

"நீ இந்த வாட்டியும் ஃபெயில் ஆனா அடுத்த இன்டேக்குக்கு என்னை அனுப்பறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்கிட்ட வந்து கேக்கிற."

"வேற யாரக் கேக்கிறது? மத்தவங்கெல்லாம் நான் செய்யறதுதான் சரின்னு நெனைக்கிற புள்ளைங்க."

சாந்தி குப்பிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அந்த வாரம் முழுக்க அவள் பக்கத்தில் வரவே இல்லை. பவானேஸ்வரி தனியாகப் பழகிப் பார்த்தாள். இடது கையை நாற்காலிப் பிடியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். கவனம் இருக்கும்வரை சரியாக வந்தது. ஒரு இயந்திரம் அலறினாலோ, யாராவது கூப்பிட்டாலோ கவனம் போய்விடும். பிறகு தொட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. சந்தேகம் வந்தபோதெல்லாம் திரும்பத் துடைத்தாள். வேலை தாமதமானது. காலை ஷிஃப்ட் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

பிறகு ஒரு நாள், தம்புசாமியின் கைக்கு மேல் அவள் குனிந்திருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"கை."

அவள் விரலைப் பார்த்தாள். துடைத்த தோலின்மேல் ஆள்காட்டி விரல் பட்டுக்கொண்டிருந்தது. வைத்த நினைவே இல்லை.

"மறுபடி துடை," என்றாள் சாந்தி.

அதற்குப் பிறகு சாந்தி முடிந்தபோதெல்லாம் வந்து நின்றாள். சிரிக்கவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "கை" என்ற ஒரு சொல் மட்டும்தான். சில நாள் அந்தச் சொல்லைக் கேட்டாலே பவானேஸ்வரிக்கு எரிச்சல் பொங்கும். பொறுத்துக்கொண்டாள். ஒரு நாள் வேலை முடிந்து இருவரும் கையுறை கழற்றும்போது சாந்தி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நேத்து என்னையே நான் கவனிச்சேன். நானும் அப்படித்தான் தொடறேன். நமக்குக் கத்துக் குடுத்தவங்களும் அப்படித்தான் செஞ்சிருப்பாங்க போல."

மறு சோதனையன்று பவானேஸ்வரிக்குக் கிடைத்த நோயாளி அன்னம்மா, தெங்கேராவில் துணி தைக்கும் பெண்மணி. மெலிந்த உடம்பு, புதிதாகச் செய்த ஃபிஸ்டுலா. தோலுக்கடியில் நாளம் வழுக்கி வழுக்கி நகரும். அதே இரண்டு சோதனையாளர்கள். புவனேந்திரன் வணக்கம் சொன்னதோடு சரி.

முதல் ஊசி சரியாக இறங்கியது. இரண்டாவதற்குத் துடைத்துக் காயவிட்டு, ஊசியை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து அன்னம்மாவுக்கு இருமல் வந்தது. கை அசைந்து, நாளம் ஒதுங்கிவிட்டது. குறி வைத்த இடத்தில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. பவானேஸ்வரியின் இடது விரல் கிளம்பிவிட்டது. தோலுக்கு மேலே அது நிற்பதை அவள் பார்த்தாள். ஒரு தொடல், உடனே கிடைத்துவிடும். தொடாமல் குத்தினால் தவறலாம். ரத்தம் கசிந்து கை வீங்கலாம்.

சோதனையாளர்கள் இருவரும் அந்த விரலையே பார்த்தார்கள்.

அவள் விரலை இழுத்துக்கொண்டு, ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அம்மா, நரம்பு கொஞ்சம் நகந்திடுச்சி. நான் திரும்பத் தொட்டுப் பாத்து, முதல்லேர்ந்து துடைக்கணும்."

"இன்னும் எவ்ளோ நேரம்மா? கை கடுக்குது," என்றாள் அன்னம்மா.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கையுறையை மாற்றினாள். தொட்டு நாளத்தைக் கண்டுபிடித்தாள். மறுபடி துடைத்தாள். அது காயும்வரை நிற்பது பெரிய வேதனையாக இருந்தது. புவனேந்திரன் ஏதோ குறித்துக்கொண்டார். இதற்கும் மதிப்பெண் போகிறது என்று நினைத்தாள். மருந்து காய்ந்தது. இந்த முறை இடது கை அசையாமல் நாற்காலிப் பிடியிலேயே இருந்தது. ஊசி இறங்கியதும் குழாயில் சிவப்பு ஏறியது. அன்னம்மா பெருமூச்சு விட்டாள்.

முடிவுக்காக மதியம்வரை நடைபாதை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வசந்தன் போன் செய்தான், அவள் எடுக்கவில்லை. புவனேந்திரன் அறையிலிருந்து வெளியே வந்து நேராக அவளிடம் நடந்துவந்தார்.

"பாஸ், அக்கா," என்றார். பயிற்சி தொடங்கியதிலிருந்து அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ரெண்டாவது ஊசியில ரொம்ப நேரம் எடுத்தீங்க."

"அது தப்பா சார்?"

"இல்லக்கா. அன்னிக்கி உங்கள நிறுத்தறதுக்கு எனக்கே தயக்கமா இருந்துச்சி. என்னைவிட சீனியர் நீங்க. சொல்லலாமா வேணாமான்னு ஒரு செகண்ட் யோசிச்சேன். யோசிச்சதே தப்புன்னு அப்பறம் தோணுச்சி."

"நல்ல வேளை சொன்னீங்க," என்றாள். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். வசந்தன் பயந்துபோய், பிறகு விஷயம் தெரிந்து, காரைக் கிளப்பினான்.

பொறுப்புத் தாதியாகத் திரும்பிய முதல் மாதம் சுலபமாக இல்லை. எல்லாரையும் பக்கத்தில் நின்று பார்த்தாள், தொட்டால் நிறுத்தினாள். இளைய தாதிகள் முகம் சுளித்தார்கள். ஒருத்தி வேலையை விட்டே போய்விட்டாள். ஆள் குறைந்திருந்த அந்த நேரத்தில்தான் அடுத்த பயிற்சிக்கான அறிவிப்பு வந்தது. பவானேஸ்வரி மேனேஜரிடம் சாந்தியின் பெயரைச் சொன்னாள்.

"நீ இப்பத்தான் வந்திருக்க. அவங்களையும் அனுப்பிட்டா சென்டர யாரு ஓட்டறது?" என்றார் அவர். "அடுத்த வருஷம் பாக்கலாம் லா."

"இந்த இன்டேக் விட்டா அவ வேற எடத்துக்குப் போயிடுவா சார். போனா நான் தடுக்க மாட்டேன். நான் ஒருத்தி மட்டும் சர்ட்டிஃபிகேட் வச்சிக்கிட்டு இங்க என்னா பண்றது? எனக்கு ஒடம்பு சரியில்லாத அன்னிக்கி யாரு நிப்பா?"

"அவ்ளோ மாசம் ஆள் இல்லாம சமாளிப்பியா?"

"போலே சார். முடியும்."

அவளுக்கு அவ்வளவு நிச்சயம் இருக்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டாள். மேனேஜர் கடைசியில் சரி என்றார்.

இப்போது சாந்தி பயிற்சியில் இருக்கிறாள். வார்டு வேலை முடிந்ததும் போன் செய்து, ஆங்கிலப் பாடத்தில் புரியாததைக் கேட்பாள். அதற்குப் பவானேஸ்வரிக்கும் பல தடவை பதில் தெரியாது. இருவரும் சேர்ந்து தேடுவார்கள். மையத்தில் இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்க்கிறாள். கால் வீங்குகிறது. வீட்டில் வசந்தன் சமைக்கப் பழகிவிட்டான். குழம்பில் உப்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. சாந்தியின் செய்முறைச் சோதனை அடுத்த மாதம். அதை நினைத்துத் தன்னுடையதற்குப் பட்டதைவிட அதிகமாகக் கவலைப்படும் பவானேஸ்வரி, போனை வைக்குமுன் ஒவ்வொரு தடவையும் "கை" என்று சொல்லிவைக்கிறாள்.