ஜீப் தலைமேல் ஏறிய ஃபாக் லைட்

1. புகை

ஒரு பழைய ஜீப்பைத் தள்ளிக்கொண்டு வந்து என் கடை வாசலில் நிறுத்தினார்கள். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது. முதலில் பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். அப்புறம்தான் என்ன நடந்தது என்று கேட்டேன். திண்டுக்கல் பழனி ரோட்டில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்துக் காலம் தள்ளியவன் நான். ஆனால் அன்று கேட்கவே தேவையில்லை. கூரைக் கேரியரில் இரண்டு ஃபாக் லைட் உட்கார்ந்திருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் கவர், அதில் சிவப்பு பெயின்டில் முதலாளியின் இனிஷியல்.

முதலாளி பெரியசாமி, கன்னிவாடிப் பக்கம் தோப்புக்காரர். சிறுமலையிலிருந்து வாழைத்தார் இறக்கி மார்க்கெட்டில் ஏலத்துக்குப் போடுபவர். ஜீப்பை ஓட்டுபவன் முத்துக்காளை. அவன் ஒரு ஓரமாக, செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்கப்போகிறவன் முகத்தோடு நின்றான்.

"இந்தப் பய சுவிட்ச ஆன்லயே போட்டு வச்சிருப்பான் செபாஸ்தி. வண்டியவே எரிச்சுப்புட்டான். பனியில ஓட்டவும் துப்பில்ல. வளைவுக்கு வளைவு நிறுத்திட்டு நிக்கிறான், தார் ஏலம் முடிஞ்சப்புறம் வந்து சேருது. இன்னொரு தடவ நிறுத்துனான்னா சாவிய வாங்கிட்டு அனுப்பிருவேன்" என்றார் பெரியசாமி.

2. பனி இல்லாத ஊரில் பனி விளக்கு

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஊருக்கு ஃபாக் லைட் பைத்தியம் பிடித்திருந்தது. எரியோட்டிலும் வேடசந்தூரிலும் வெயில் உண்டு, புழுதி உண்டு. பனிமூட்டத்தை எவன் கண்டான்? அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஏற்றுகிற வேன்காரர் ஒருவர் நான்கு மாட்டச் சொன்னார். ஆட்டுக்கு எதற்கு என்று கேட்டேன். "கல்யாண ஓட்டத்துக்கு எடுப்பா இருக்கும்ல" என்றார். பல வண்டிகளில் கவரைக் கழற்றியதே இல்லை. விளக்குக்கு மாட்டினார்களா, கவருக்கு மாட்டினார்களா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஊரிலேயே ஃபாக் லைட் உண்மையில் தேவைப்பட்டவன், பனி இறங்குகிற சிறுமலையில் ஓட்டுகிற முத்துக்காளை ஒருவன்தான். அவனுக்காகத்தான் முதலாளி முதலில் என்னிடம் வந்தார். பம்பருக்குக் கீழே மாட்டலாம் என்றேன். பனிக்கு அடியில் புகுந்து ரோட்டைக் காட்டுவதுதான் அந்த விளக்கின் வேலை. அவர் சிரித்தார்.

"கீழ மாட்டுனா எவன்ப்பா பாப்பான்? மேல மாட்டு. வாரது யாருன்னு ஊருக்குத் தெரியணும்."

மேலே மாட்டினால் வெளிச்சம் பனியில் அடித்து ஓட்டுபவன் கண்ணுக்கே திரும்பி வரும், அந்த வேலையை நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். திமிர் பிடித்தவன் என்று திட்டிவிட்டு வேறு கடைக்குப் போனார். அந்தப் புண்ணியவான் ஒரு ரிலே கூட வைக்காமல் மாட்டிக் கொடுத்திருந்தான்.

இரண்டு ஹாலஜன் பல்பு இழுக்கிற கரண்ட் மொத்தமும், சணல் மாதிரி ஒரு வயரில், டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே ஓடியிருக்கிறது. சுவிட்ச் உருகாமல் என்ன செய்யும்? முறைப்படி சுவிட்ச் ரிலேயை மட்டும் தட்டிவிட வேண்டும். பேட்டரியிலிருந்து தடித்த வயரில், ஃபியூஸ் வழியாக, ரிலேதான் விளக்குக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும். உருகிய சுவிட்சை அவர் உள்ளங்கையில் வைத்து இதைச் சொன்னேன்.

"ஒரு லைட்ட எரிய வைக்க இம்புட்டு சாமானா?" என்றார். முத்துக்காளை மேல் தப்பில்லை என்று மட்டும் அவர் வாயில் வரவில்லை.

வயரிங்கை முழுவதும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போட்டேன். இனி எரியாது, ஆனால் பனியில் உதவாது, இவனை அதற்காக வேலையை விட்டு அனுப்பாதீர்கள் என்றேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அப்ப நாளைக்கு நானே கூட வாரேன். நீயும் ஏறு. அம்புட்டும் இவன் பயம்னு காட்டுறேன்."

3. சிறுமலை இறக்கம்

கார்த்திகை மாதம். ஏறும்போது பனி இல்லை. முதலாளி முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். தார் ஏற்றி முடிப்பதற்குள் மலை காணாமல் போயிருந்தது. நான் பின்னால் தார்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தேன். முத்துக்காளை கவர்களைக் கழற்றிவிட்டு வந்து, வண்டியை நகர்த்திச் சுவிட்சைப் போட்டான்.

கண்ணாடிக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்த சுவர் எழுந்து நின்றது. அவ்வளவுதான். ரோடு இல்லை, ஓரக்கல் இல்லை, பள்ளம் எந்தப் பக்கம் என்பதும் இல்லை. முத்துக்காளை பிரேக்கை மிதித்தான்.

"ஏலே, ஏன்டா நிறுத்துற?"

"ரோடு எங்க இருக்குன்னு நீங்களே சொல்லுங்க மொதலாளி. ஓட்டுறேன்."

பெரியசாமி முன்னால் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். "அத அமத்துறா" என்றார். ஹெட்லைட்டை மட்டும் இறக்கிப் போட்டபோது கொஞ்சம் தேவலை. ஆனால் வளைவின் ஓரம் தெரியவில்லை.

காத்திருந்தால் ஏலம் போய்விடும். அவர் தானாகவே இறங்கினார்.

"நான் முன்னால நடக்குறேன். வேட்டியப் பாத்துக்கிட்டே வா. மேல ஏத்திராதடா."

அப்படியே நடந்தார், வளைவு வளைவாக, வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடுங்கியபடி. எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. ஒரு திருப்பத்தில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. பம்பருக்கு அடியில் இரண்டு மஞ்சள் விளக்கு, ரோட்டை மட்டும் தடவிக்கொண்டு. அந்த டிரைவர் நிறுத்தித் தலையை நீட்டினார்.

"என்னண்ணே, மேல அம்புட்டுப் பெரிய லைட்ட வச்சுக்கிட்டு நடந்து போறீக?"

முதலாளி வேட்டியை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். முத்துக்காளை சிரிக்காமல் இருக்க ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். வாரது யாரு என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்றாரே, அந்த லாரிக்காரருக்கு நன்றாகவே தெரிந்தது.

4. நட்டு

ஏலத்துக்குத் தார் போய்ச் சேர்ந்தது. சாவியைக் கேட்கும் பேச்சு அதோடு நின்றது. மறுவாரம் முதலாளியே ஜீப்போடு கடைக்கு வந்து, பம்பருக்குக் கீழே இரண்டு மாட்டச் சொன்னார். முத்துக்காளையிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொன்னாரா என்றால், இல்லை.

"மேல இருக்குறதக் கழட்டிரவா?" என்று கேட்டேன்.

"அது இருக்கட்டும்ப்பா. வண்டிக்கு ஒரு கம்பீரம்ல."

அவர் டீ குடிக்கப் போனதும் முத்துக்காளை பக்கத்தில் வந்தான். "அண்ணே, மேல போற வயர உருவிருங்க. எவனாச்சும் தெரியாமப் போட்டுவிட்டா பள்ளத்துல கெடக்கப்போறது நாந்தேன்."

வயரை உருவினேன். அதே ரிலேயிலிருந்து கீழ் விளக்குகளுக்கு இழுத்தேன். சுத்தமான இரும்பில் எர்த் பிடித்தேன். மேலே இனிஷியல் போட்ட கவர்கள் அப்படியே இருந்தன. அந்த நடைக்குப் பிறகு மேல் விளக்கைப் போடச் சொல்ல முதலாளிக்கு வாய் வரவில்லை. ஆனால் வாரம் தவறாமல் கவரைத் துடைக்கச் சொல்வாராம். ஜீப்பை விற்கும்வரை அவருக்கு விஷயம் தெரியாது. முத்துக்காளைதான் கடைசிவரை ஓட்டினான்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதையே சொல்கிறேன். வேலைக்கு மாட்டுகிற விளக்குக்குத் தடித்த வயர் வேண்டும், ரிலே வேண்டும், ஃபியூஸ் வேண்டும், நல்ல எர்த் வேண்டும். காட்டுவதற்கு மாட்டுகிற விளக்குக்கு நாலு நட்டு போதும்.